எட்டு மணி நேரம் தாங்காத தகடு

போன செவ்வாய்க்கிழமை கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு அலுமினியத் தகடு அடுப்பை விட்டு எப்போது வெளியே வரலாம் என்று இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள்.

ஒருவர் செல்வி, பட்டறை முதலாளி. இன்னொருவர் மணியண்ணன், அங்கே பல வருஷமாக உலோகத்தைச் சூடேற்றுகிறவர். நான்? சாயா குடிக்கப் போனவன்.

அது சாதாரணத் தகடு இல்லை. உள்ளே முடி மாதிரி பீங்கான் இழைகள். வில்லிங்டன் தீவில் படகு இன்ஜின் பாகம் செய்யும் ஒரு கம்பெனி, சோதனைக்கு மூன்று கொடுத்திருந்தது. ஒன்றாவது தேறினால்தான் அந்த வேலை செல்விக்கு.

இரண்டு ஏற்கெனவே போச்சு. மணியண்ணன் வழக்கம்போலச் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, இளசாக இருக்கும்போதே வளைத்தார். சாதா அலுமினியம் வளையும். இதில் இழை உடைந்து விரிசல் விட்டது.

மூன்றாவதைச் சூட்டிலேயே மெதுவாக வளைத்து, மறுபடி சூடேற்றி முக்கினார்கள். பாக்கி, இறுகுவதற்காக மிதமான சூட்டில் வைப்பது. அந்தப் பட்டறையில் அதற்கு ஒரே கணக்கு: காலையில் வை, எட்டு மணி நேரம் கழித்துச் சாயங்காலம் எடு.

செல்வி அதே தகட்டின் வெட்டுத்துண்டுகளையும் கம்பியில் கோத்து உள்ளே விட்டிருந்தார். மணிக்கு ஒன்றாக இழுத்து, ஆறவைத்து, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்தார்.

"சாம்பாருக்கு உப்பு பார்க்குறியா மோளே?" என்றார் மணியண்ணன். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அங்கே போவது.

"பார்க்காமத்தானே அண்ணா ரெண்டு போச்சு?"

மணியண்ணன் சாயாவில் கவனமானார்.

நாலாவது மணியில் வந்த அளவேதான் ஐந்தாவதிலும். தகட்டை வெளியே எடுக்கச் செல்வி கையுறையை மாட்டினார்.

"எட்டு மணிக்கூர் ஆகணும். பாதி வெந்ததைக் கொடுத்தா அவங்க சிரிப்பாங்க," என்றார் மணியண்ணன்.

"ஏறுற வரைக்கும் ஏறியாச்சு அண்ணா. இனிமே இறங்கும்."

"நான் எத்தர தகடு கண்டிருக்கேன்..."

"இதைக் கண்டதில்லையே."

செல்வி தகட்டை எடுத்துவிட்டார். ஒரு துண்டை மட்டும் எட்டு மணி நேரம் முடியும்வரை உள்ளேயே விட்டார் — அண்ணனுக்காக.

சாயங்காலம் அதை மணியண்ணனே அளந்தார். இறுக்கம் குறைந்திருந்தது. மறுபடி அளந்தார். அளக்கும் மெஷினைத் தட்டிவிட்டு மூன்றாம் முறையும். இழை இருந்தால் அலுமினியம் சீக்கிரமே இறுகிவிடுமாம். அதற்குப் பிறகும் அடுப்பில் கிடந்தால் தளர ஆரம்பிக்குமாம்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஃபோன். தகடு தேறிவிட்டது, வேலை செல்விக்கே.

மணியண்ணன் அடுப்புக் கதவில் சாக்பீஸால் 'எட்டு மணிக்கூர்' என்று எழுதியிருந்ததை அழிக்கவில்லை. அதன் முன்னால் 'சாதாவுக்கு' என்று மட்டும் சேர்த்தார்.

தப்பை ஒத்துக்கொள்ள அவ்வளவு இடம் போதும்.