தண்ணீர் குடிக்காத தலைவர்

என் அண்ணி நகராட்சித் தலைவர். வெளியே சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் உள்ள நாளில் காலையிலிருந்தே அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கூட்டம் நடக்கும் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

தலைவராவதற்கு முன் அண்ணி எதிரே இருக்கும் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருந்தார். அங்கேயும் இதே கதிதான். பழம் விற்கிறவள், டிக்கெட் கொடுக்கிறவள், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லோரும் நாள் முழுக்க அடக்கிக்கொண்டுதான் பிழைப்பை ஓட்டினார்கள். ஜெயித்தால் முதல் வேலையாக அங்கே கழிப்பறை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் அண்ணி ஓட்டுக் கேட்டார்.

ஜெயித்து என்ன பிரயோஜனம்? உறுப்பினர்களில் பாதிக்கு மேல் துணைத் தலைவரின் ஆட்கள். கழிப்பறைத் தீர்மானத்தை எப்போதும் கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதற்குள் துணைத் தலைவர் ஏதாவது ஒரு தெருவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஜவ்வாக இழுப்பார். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போவார். திரும்பிப் போவதற்குள் துணைத் தலைவர் இவருடைய நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானத்தை ஒத்திவைத்திருப்பார். இதே கூத்து மாதாமாதம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று என் அண்ணன் வேறு கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவரைக் கண்டால் ஒதுங்கிவிடுகிற மனுஷர் அவர்.

ஒருநாள் அண்ணி கூச்சத்தை விட்டு, தான் எழுந்து ஓடுவது ஏன் என்பதைக் கூட்டத்திலேயே போட்டு உடைத்தார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்களாம். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு கழிப்பறை தயாராகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இல்லை, கூட்ட அறையின் பின்மூலையில். பளபளவென்று டைல்ஸ், தனிப் பூட்டு. அவசரத்தில் வாசலைக் கூட்ட அறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். துணைத் தலைவர் சாவியை நீட்டினார்.

"உங்க கஷ்டம் தீந்துடுச்சேம்மா. இனிமே பஸ் ஸ்டாண்ட் விஷயம் எதுக்கு?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். இத்தனை நாளும் அண்ணி தனக்காகத்தான் கேட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி சாவியை மேசைமேல் வைத்தார். அந்தச் சாவியைத் தூக்கி எறியுங்கள் என்றேன். "எதுக்கு எறியணும்? பூட்டு நல்லாத்தானே இருக்கு" என்றவர், பஸ் ஸ்டாண்டில் தன் பக்கத்தில் கடை வைத்திருந்த பழக்கடைக்காரியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். தீர்மானம் மறுபடி கடைசியில். துணைத் தலைவர் தெருவிளக்கை ஆரம்பித்தார். கதவு திறந்தது. கையில் சாவியோடு பழக்கடைக்காரி அறைக்கு நடுவே நடந்து பின்மூலைக்குப் போனாள். அவள் பின்னால் துடைப்பத்தோடு ஒருத்தி, டிக்கெட் பையோடு ஒருத்தி, குழந்தையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி. வரிசை துணைத் தலைவரின் நாற்காலியை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டி மாடிப்படி வரை நின்றது. தாழ்ப்பாள் சத்தமும் தண்ணீர் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. அவருக்குப் பேச்சு தடுமாறியது. இதையெல்லாம் நிறுத்தச் சொல்லும்படி அண்ணியிடம் சீறினார்.

"அவங்க கஷ்டமும் என் கஷ்டமும் ஒண்ணுதாங்க. வேற எங்க போகச் சொல்றீங்க?"

முகத்தைத் துடைத்துக்கொண்டே, பஸ் ஸ்டாண்ட் தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் துணைத் தலைவர். தெருவிளக்கை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அத்தனை பெண்களின் அவஸ்தைக்கு அசையாதவர்கள், தங்களுக்குச் சங்கடம் என்றதும் அசைந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணி பியூனைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.