இரண்டு தடவை அளந்த வீடு

ஷெர்லினுக்குத் திருச்சியில் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரியும். எந்த வீட்டில் குளிக்கப் போகிறவர் சமையலறையைத் தாண்டித்தான் போகவேண்டும், எந்த வீட்டு மாடிப்படி கடைசிப் படியில் தலையில் இடிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவற்றில் ஒரு வீட்டின் வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை. வேலை அப்படி.

தில்லைநகரில் மாதவன் என்ற இஞ்சினியர் அலுவலகம் வைத்திருக்கிறார். பழைய வீட்டை இடிக்காமல் மாற்றிக் கட்ட நினைப்பவர்கள், மாடி எடுக்க நினைப்பவர்கள், கூரை போட நினைப்பவர்கள் எல்லாம் அவரிடம் வருவார்கள். வேலையைத் தொடங்க, இருக்கிற வீட்டுக்கு முதலில் ஒரு பிளான் வேண்டும். அது பாதிப் பேரிடம் இருக்காது. இருக்கிறவர்களிடமும் பீரோ அடியில் மடிந்து கிடந்து, பிரித்தால் கையோடு வருகிற நிலையில் இருக்கும். அதனால் மருதை என்பவர் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அறை அறையாக அளந்து, நோட்டுத் தாளில் கையால் படம் போட்டு, போனில் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவார். அந்தப் போட்டோ அலுவலகத்திலிருந்து பொன்மலைப்பட்டியில் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்திருக்கும் ஷெர்லினின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்.

அதைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் பொறுப்பு. தாளின் பழுப்பு போய் வெள்ளையாக வேண்டும். மடிப்பு, கை நிழல், டீக்கறை எதுவும் தெரியக்கூடாது. அலைகிற கோடுகள் நேராகி, மூலைகள் ஒட்டவேண்டும். அளவுகளை அச்செழுத்தில் போட்டுவிட்டு மற்ற கையெழுத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மென்பொருளில் பாதி வேலைக்குப் பொத்தான் இருக்கிறது. இந்த அளவுக்குக் கீழே உள்ள புள்ளியெல்லாம் அழுக்கு என்று சொல்லிவிட்டால் ஒரே வாரில் வாரிக்கொண்டு போய்விடும். மூன்று டிகிரிக்குள் சாய்ந்திருக்கும் சுவர்களை நேராக்கு என்றால், ஹெட்மாஸ்டரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி அத்தனையும் விறைப்பாக நின்றுவிடும்.

ஷெர்லினுக்கு நாற்பத்து நான்கு வயது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. அம்மா போய் நாலு வருஷம். தம்பி பிராங்க்ளின் மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான், நெட்வொர்க் சரியில்லை என்று சீக்கிரம் வைத்துவிடுவான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பதற்கு ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது கேட்கவும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் கால் கிலோ கத்திரிக்காய் கேட்டால், கடைக்காரப் பொன்னுத்தாய் கால் கிலோ யாருக்குப் போதும் என்று அரைக்கிலோவை அள்ளிப் போடுவாள். வேண்டாம், ஒரே ஆள்தான் என்று சொல்ல மனம் வராமல் ஷெர்லின் வாங்கி வந்து, புதன்கிழமை பாதியைக் குப்பையில் கொட்டுவாள்.

இப்படி இருந்தவளுக்குப் பேச்சுத் துணை என்று வாய்த்தது மருதையின் தாள்கள்தான். அந்த மனிதர் அளவை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். ஓரம் முழுக்க எதையாவது கிறுக்கி வைப்பார். ‘நாய் உண்டு. பார்க்க சாது, நம்பக்கூடாது.’ ‘இந்த வீட்டில் நீர்மோர் கொடுத்தாங்க, பெருங்காயம் தூக்கல்.’ ‘பின்கட்டு ரூம் பூட்டு. சாவி மகன்கிட்ட, மகன் கோவிச்சுக்கிட்டு திருப்பூர்ல.’ ‘மழை. டேப் நனைஞ்சு போச்சு, நானும்.’ இவையெல்லாம் அலுவலகக் கணக்கில் அழுக்கு. டீக்கறையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டியவை.

ஷெர்லின் எடுத்துவிடுவாள், ஆனால் அதற்கு முன்னால் ஒரிஜினல் போட்டோவைத் தனியாக ஒரு இடத்தில் போட்டு வைப்பாள். நாலு வருஷத் தாள்களும் அங்கே இருந்தன. அவருக்குத் திருவெள்ளறைப் பக்கம் சொந்தக் காணி கொஞ்சம் இருப்பதும், மூத்த மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும், சீரகச்சம்பா சோறென்றால் உயிர் என்பதும் அவளுக்குத் தெரியும். ‘நானும்’ என்று எழுதியிருந்த அன்றைக்கு, தலையைத் துவட்டுங்க முதல்ல என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. மருதையை அவள் பார்த்ததில்லை, பேசினதில்லை. பார்த்துப் பழகின பலரைவிட அவரை நன்றாகத் தெரியும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைதான் வினையாயிற்று.

அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவேண்டும். உள் அறைகளைக் கூட்டினால் வெளிச்சுவரின் அளவு வரவேண்டும். வராவிட்டால் படத்தில் கைவைக்கக் கூடாது, தாளைத் திருப்பிவிட வேண்டும். மருதை மறுபடி அந்த வீட்டுக்குப் போய் அளக்கவேண்டும். போன ஆவணியில் அப்படி வாரத்துக்கு ஒன்று திருப்ப வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு தாளின் ஓரத்தில், ‘கண் மங்கலா இருக்கு. 6ம் 8ம் ஒண்ணு மாதிரி தெரியுது’ என்று எழுதியிருந்தார். அதே வாரம் மாதவன் போனில் வேறு ஏதோ பேசும்போது, இனிமேலும் இப்படித் தாள் திரும்பினால் மருதையை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடவேண்டியதுதான் என்றார்.

ஷெர்லினுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவருக்காக மட்டும் என்று சொல்லமுடியாது. வேறு ஆள் வந்தால் ஓரத்தில் யார் எழுதுவார்கள்? அன்றிலிருந்து அவள் தாள்களைத் திருப்புவதை விட்டுவிட்டாள். 8 இருக்கவேண்டிய இடத்தில் 6 இருந்தால் தானே மாற்றினாள். நாலைந்து படங்களில் அப்படிச் செய்தாள். எல்லாம் சரியாகவே அமைந்தன. யாருக்கும் தெரியாமல் ஒருவரைக் கைப்பிடித்து ரோடு தாண்டிவிடுகிற சந்தோஷம் அதில் இருந்தது. கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கார்த்திகையில் ஸ்ரீரங்கத்து வீடு வந்தது. சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ரங்கநாயகி என்ற அம்மாளின் வீடு. நீளம் அறுபத்திரண்டு அடி. முன்பக்க அகலம் பதினெட்டு, பின்பக்க அகலம் பத்தொன்பதே முக்கால் என்று மருதை எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள், இது மட்டும் பின்னால் எப்படி விரியும்? ஓரத்தில் ஒரு வரி இருந்தது. ‘பின்னாடி அகலம் ஜாஸ்தி. ரெண்டு தடவை அளந்தேன்.’

இத்தனை வருஷத்தில் அவர் இரண்டு தடவை அளந்தேன் என்று எழுதியதே இல்லை. பாவம், அவருக்கே அவர் கண்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று ஷெர்லின் நினைத்தாள். நினைத்ததும் மனசு கரைந்துவிட்டது. பத்தொன்பதே முக்காலைப் பதினெட்டாக்கினாள். சுவர்களின் சாய்வு மூன்று டிகிரிக்குள்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினாள், நேராக நின்றன. பார்க்க அழகாக இருந்தது படம்.

அந்த வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போடுவதாக ஏற்பாடு. அடுத்த வாரம் வீட்டில் சீமந்தம், மாடியில் பந்தி. பிளானைப் பார்த்து அரியமங்கலத்துப் பட்டறையில் இரும்புச் சட்டங்களைச் செய்து லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். முன்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னால் போகப் போக ஒவ்வொரு சட்டமும் சுவரை எட்டாமல் பின்வாங்கியது. கடைசிச் சட்டம் ஒன்றே முக்கால் அடி குறைந்து அந்தரத்தில் நின்றது. வீடு உண்மையிலேயே பின்னால் விரிந்த வீடுதான்.

இதை ஷெர்லினுக்குச் சொன்னது மாதவன்தான். அவளைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. மருதையை நிறுத்தியாயிற்று, திங்கட்கிழமையிலிருந்து புது ஆளின் படம் வரும், கையெழுத்து வேறு மாதிரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். சரியாகத்தான் எழுதினேன் என்று மருதை ஒரே ஒரு தடவை சொன்னாராம். தாள் எங்கே என்றால், வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டதாம். போட்டோவையும், போனில் இடமில்லை என்று அனுப்பின கையோடு அழித்துவிட்டாராம். அலுவலகத்திலோ, சுத்தம் செய்த படம் வந்து சேர்ந்ததும் அதன் பழைய போட்டோ அழிந்துவிடும். அந்த மனிதர் சொன்னது நிஜம் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி ஷெர்லினின் கம்ப்யூட்டரில் இருந்தது.

உடனே போயிருக்கவேண்டும். போகவில்லை. இரண்டு நாள் அவள் சோறு வடிப்பதும் சாப்பிடாமல் எடுத்து வைப்பதுமாக இருந்தாள். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில், கண் தெரியாதவன் என்ற பெயரோடு ஒருவர் வீட்டில் உட்காருவார். பயந்தாள், அதை மறைப்பானேன். பயந்துகொண்டேதான் மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறி தில்லைநகர் போனாள். போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த ஒரிஜினல் போட்டோவை மாதவனின் மேஜைமேல் வைத்தாள்.

அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பத்தொன்பதே முக்கால் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்த வரியையும் படித்தார்.

“ஒத்து வரலைன்னா திருப்பி அனுப்ப வேண்டியதுதானே? நீங்க ஏன் மாத்துனீங்க?”

“அவருக்குக் கண்ணு சரியில்லைங்க சார். திருப்பித் திருப்பி அனுப்பினா நீங்க நிறுத்திடுவீங்கன்னுதான்.”

“கண்ணா? ஆபரேஷன் பண்ணி ஒரு மாசத்துக்கு மேலாச்சே. ஐப்பசியில பத்து நாள் லீவு போட்டாரே. இப்ப என்னைவிட நல்லாத் தெரியுது அவருக்கு.”

ஐப்பசியில் பத்து நாள் படம் வராதது ஷெர்லினுக்கு நினைவு இருந்தது. மழை என்று நினைத்திருந்தாள். ஆபரேஷனைப் பற்றி அவர் எந்தத் தாளிலும் எழுதவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவே தெரியவில்லை.

மாதவன் நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் கத்தினார், பிறகு தண்ணீர் குடித்தார். சட்டங்களுக்கு இரும்பு ஒட்டவைத்து எப்படியோ கூரை ஏறிவிட்டது, சீமந்தமும் நடந்துவிடும். மருதையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஷெர்லினையும் போகச் சொல்லவில்லை, இனி ஒரு எண்ணைத் தொட்டால் வேலை கிடையாது என்று மட்டும் எச்சரித்தார். மருதையிடம் மன்னிப்பு அவளே கேட்டுக்கொள்ளட்டும் என்று நம்பரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்துதான் போன் செய்தாள். நாலு வருஷமாகத் தெரிந்தவர் குரல் முதல்முறையாகக் கேட்டது. நினைத்ததைவிட மெல்லிய குரல்.

“யாருங்க பேசுறது?”

“நான் ஷெர்லினுங்க. மாதவன் சார் ஆபீஸ்ல, உங்க படத்தையெல்லாம் க்ளீன் பண்றது நான்தாங்க.”

அந்தப் பக்கம் யாரிடமோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

“அத கம்ப்யூட்டரே பண்ணிடும்னுல்ல சார் சொன்னாரு” என்றார் மருதை. “ஆளு இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்றாள் ஷெர்லின். பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லைங்க, வேலைதான் திரும்பக் கிடைச்சிடுச்சே என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“நான் ஓரத்துல எழுதுறதெல்லாம் படிப்பீங்களா?”

“படிப்பேங்க.”

“எந்த வீடு எதுன்னு எனக்கு அடையாளத்துக்கு எழுதுறதுங்க. பொம்பளைங்க படிக்கிறாங்கன்னு தெரியாதுங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

ஐயோ, அப்படியில்லை, எழுதுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் வணக்கம் சொல்லி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மருதையின் படம் வந்தது. உறையூரில் ஒரு வீடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், அடித்தல் திருத்தல் இல்லாத எண்கள். ஓரங்கள் காலி. கீழ் மூலையில் மட்டும் ஏதோ எழுதி, பிறகு பால்பாயிண்ட் பேனாவால் மேலும் கீழுமாகக் கிறுக்கி அடித்திருந்தார். ஷெர்லின் அந்த மூலையைப் பெரிதாக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை, அவ்வளவு அழுத்தி அடித்திருந்தார். கட்டம் கட்டி அதை அழித்தாள். அளவுகளைக் கூட்டிப் பார்த்தாள், எல்லாம் ஒத்துப்போயின. அன்றைய வேலை மூன்றரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.