வண்டிக்கு அடியில் பூசிய கறுப்பு

எங்கள் பிக்கப் வண்டிக்கு அடியில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசுகிற கறுப்பை என் வீட்டுக்காரர் ‘கோட்டிங்’ என்று மரியாதையாகச் சொல்வார். நான் தார் என்பேன். மோந்து பார்த்தாலும் தார்தான். மலை மேலிருக்கிற எங்கள் வில்பட்டியில் வண்டி வைத்திருக்கிறவர்கள் மழைக்கு முன்னால் அதைப் பூசுவார்கள். இவர் மழைக்குப் பின்னாலும் பூசுவார்.

துரு பிடிக்காமல் எப்படி இருக்கும்? இறங்கும்போது கழுவின கேரட், ஈரம் சொட்டச் சொட்ட. ஏறும்போது கீழே கன்னிவாடிப் பக்கத்திலிருந்து உர மூட்டை. பொட்டாஷ் உப்புதான் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம், விரல் வெடிப்பில் பட்டால் தெரியும். மீதி நேரம் மூடுபனி. துருவைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூசவும் என்று டப்பாவில் போட்டிருக்கும். எங்கள் ஊரில் போர்வையே காய்வதில்லை.

“ரெண்டு நாள் பொறுத்து, சொரண்டிட்டுப் பூசுங்களேன்” என்பேன்.

“ரெண்டு நாள் வண்டி நின்னா கேரட்டு நடந்தா போகும்?” என்பார்.

அந்த வண்டி ஓடினால் நாங்கள் வண்டிக்காரர்கள். நின்றால் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அதனால்தான் மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸை, அந்த இரண்டு நீள இரும்புச் சட்டங்களை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவ்வளவு பொறுமையாகப் பூசுவார். நான் டார்ச் பிடிப்பேன். சட்டங்களின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அதற்குள்ளும் பிரஷ்ஷை விட்டு அப்பி அடைத்துவிடுவார்.

“இந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ள ஏறுது. அடைச்சிட்டா ஜென்மத்துக்கும் கவலை இல்ல.”

இந்தக் கோடையில் எஃப்.சி. எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சான்று இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வத்தலக்குண்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று கேட்டது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம். சுத்தியல் சட்டத்துக்குள் போய்விட்டது. மழை பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது, ஆனாலும் அவர் முழங்கை வரைக்கும் செந்தண்ணீர் வழிந்தது.

“உள்ள சேர்ற தண்ணி வெளிய போகத்தானண்ணே ஓட்டை விட்டுருக்கான். அதப் போயி யாரு அடைச்சது?”

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிளேட்டு வச்சு வெல்டு அடிச்சுக் குடுங்கண்ணே” என்றார் இவர்.

“எதுல வச்சு அடிக்க? பிடிக்கிறதுக்கு இரும்பு வேணும்ல. வெறும் கோட்டிங்தான் நிக்குது.”

சேஸ் மாற்றுவதெல்லாம் எங்களால் ஆகிற காரியமில்லை. வெறும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு மலை ஏறினோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வழி நெடுக இவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று மலை வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து குனிந்து பார்த்தார். “தாரோட எடை போட மாட்டேங்க. வெட்டுறப்ப பத்திக்கிரும் வேற. சொரண்டி வைங்க, நாளைக்கு வெள்ளனே வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கென்று பனியே இல்லை. நல்ல வெயில். இவர் சாக்கை விரித்து அடியில் படுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அத்தனை வருடமாகச் செய்யாத வேலை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“இந்தா, அந்த டார்ச்சக் கொண்டா.”

முட்டி போட்டு உள்ளே வெளிச்சம் அடித்தேன். தார் உரிந்த ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு புதுசாகவே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? இங்கன நல்லாத்தான் பிடிச்சிருக்கு.”

“ஆமாங்க” என்றேன். “கோட்டிங் நல்லாத்தான் பிடிச்சிருக்கு.”