அதிகாரம் உண்டா இல்லையா: குற்றாலத்தில் இரண்டு நாள்

முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் நான் குற்றாலம் போனது என் அக்கா கோமதியின் நாற்றுக்காக. மேலகரத்தில் இருக்கும் அவளுக்கு, அத்தான் போனபின், எல்லை ஓரத்து வயல் ஒன்றுதான் சோறு. அதற்குத் தண்ணீர் திருவாங்கூர்ச் சீமையிலிருந்து, செங்கோட்டை சுப்பையாவின் நிலம் வழியாக வரவேண்டும். அவர் மடையை அடைத்துவிட்டார். மடை எங்கள் எல்லையில் இல்லை என்றது தென்காசிக் கோர்ட். வயல் எங்கள் எல்லையில் இல்லை என்றது செங்கோட்டைக் கோர்ட். கடைசியில் இரு தரப்பும் மூன்று பேர் பஞ்சாயத்துக்குச் சம்மதித்து முச்சலிக்கை என்ற உடன்படிக்கைப் பத்திரம் எழுதிக்கொடுத்தோம். தரப்புக்கு ஒருவர்; தலைவராக, இருவருக்கும் பொதுவில், ராயகிரிக்காரரான ஓய்வுபெற்ற ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஒருவர்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறி ஒன்பதரைக்குத் தென்காசியில் இறங்கினேன். குற்றாலம் நாலு மைல். ஜட்கா வண்டிக்காரர் ஆறணா கேட்டார். நாலணா என்றதும் சம்மதித்துவிட்டார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறவர் சுப்பையாவின் ஆளாக இருப்பாரோ என்று வழியெல்லாம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

பஞ்சாயத்து கூடுவதற்காக இரு தரப்பும் வாடகைக்கு எடுத்த பங்களாவில் அக்கா எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். பஞ்சாயத்தார் மூவரும் தலையில் எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சுப்பையா அவர்கள் பக்கத்தில் சக்கப்பழம் என்கிற பலாப்பழம் பெரிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். யார் யார் தின்கிறார்கள் என்று கவனித்தேன். தலைவர் தொடவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மூன்று மணிக்கு விசாரணை. சுப்பையா எழுந்து, முச்சலிக்கைப்படி பஞ்சாயத்தார் வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றி மட்டுமே பேசலாம், தண்ணீரைப் பற்றிப் பேச அதிகாரமில்லை என்றார். 'வாய்க்கால் தூர்வாருவது தவிர வேறெதிலும் தலையிடக் கூடாது' என்று எழுதியவன் நான்தான். அக்கா வயலுக்குப் பக்கத்திலிருக்கும் என் மாந்தோப்பின் எல்லை கொஞ்சம் முன்னே பின்னே. பஞ்சாயத்தார் அங்கே கை வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அதிகாரம் உண்டா இல்லையா என்று யார் சொல்வது என்று கேட்டேன். "அதையும் நாங்கதான் சொல்லணும்" என்றார் தலைவர். ஐரோப்பாவில் தேசங்களுக்கென்று ஒரு கோர்ட் இருக்கிறதாம், அங்கேயும் இதே முறைதானாம், பத்திரிகையில் படித்திருக்கிறேன். தன் இலைக்குத் தானே பரிமாறிக்கொள்கிறவன் குறைத்தா வைப்பான்? இன்னும் நாலு நாள் அருவிக் குளியல் கிடைக்கும்போது இல்லை என்று சொல்வார்களா? சந்தேகம் முதன்முறையாக எனக்கு நிம்மதி தந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைவர் சொன்னார்: "எங்களுக்கு அதிகாரம் இல்லை. தண்ணி விஷயத்தை நீங்க எங்ககிட்டத் தரலை. தராததை நாங்களா எடுத்துக்கிடக் கூடாது."

மூவரும் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். விலைக்குப் போய்விட்டார்கள் என்று அக்காவின் காதில் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சுப்பையாவிடம் போனாள்.

"அண்ணாச்சி, நாத்து இன்னும் நாலு நாள் தாங்காது. கையில கெடச்ச அதிகாரத்த வேண்டாம்னு சொல்லுத ஆளுகளை இப்பதான் பாக்கேன். தண்ணிக்கும் சேத்து இவங்ககிட்டயே எழுதிக் குடுப்போமா?"

சுப்பையா பெட்டி கட்டுகிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நானும் இவங்க இழுத்துப் பிடிச்சுக்கிடுவாங்கன்னுதான் நெனச்சேன். சரி, எழுதுங்கம்மா" என்றார். இதிலும் ஏதோ சூது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கித் தலைவரிடம் கொடுத்தாள். "நீ சும்மா இருலே" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

எல்லை தாண்டிய வழக்கோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜட்காவுக்கு நாலணாவுக்கு மேல் தராதீர்கள். சீசனில் பங்களாவுக்குப் பத்து நாள் முன்பே கடிதம் போடுங்கள். குடை கட்டாயம். முச்சலிக்கையில், பஞ்சாயத்தார் எதைத் தொடக் கூடாது என்பதை விட, உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். என்னைப்போல் யாரையும் நம்பாதவன் வீட்டில் இருந்தால் அவன் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள். என் அக்கா கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் வயலில் தண்ணீர் நின்றது.