பூசணிக்கு ஒரு சிவப்புக் கரை

சிவகாசிப் பக்கம் அலமாரித் தட்டில் யாரும் செய்தித்தாள் விரிப்பதில்லை. என் கணவர் ஆப்செட் மிஷினில் வேலை பார்ப்பவர். காலண்டர் அச்சு ஓடும்போது கழித்துப் போடும் வேஸ்ட் ஷீட்டுகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். தட்டில் விரிப்பதும், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவதும் அவற்றில்தான். பருப்பு டப்பாக்களை இறக்கித் துடைத்த ஒரு நாள், அடியில் கிடந்த தாளில் அந்த அறுவடைப் படத்தைப் பார்த்தேன்.

ஏதோ வெளிநாட்டு அக்டோபர் மாதம். ஆரஞ்சு நிறத்தில் மூன்று பூசணிக்காய்கள், தோகை உரித்த மக்காச்சோளக் கதிர்கள், ஒரு பிரம்புக் கூடை, சுற்றிலும் சிவந்த இலைகள். எங்கள் ஊரில் அக்டோபர் என்றால் பட்டாசும் மழையும். இலை இப்படிச் சிவந்து உதிர்வது வாதாம் மரத்தில் மட்டும்தான் நான் பார்த்தது. ஆனாலும் படம் பிடித்துப் போயிற்று. தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்து வைத்தேன்.

அண்ணனும் மதினியும் ஆமத்தூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. அண்ணனுக்கு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. மதினி நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருவார். அதுவரை இருந்த வாடகை வீட்டில் சுவர்ப் பூச்சு பெயர்ந்த இடமெல்லாம் இலவசமாக வந்த காலண்டர் தொங்கும். ஒரே சுவரில் மூன்று பிள்ளையார் இருந்ததுண்டு.

"புது வீட்டு முன்ரூம்புல ஒரு காலண்டர்கூட ஏறக் கூடாது, ஆமா" என்றார் மதினி. "மிஷின்ல அடிச்சதெல்லாம் பாத்துச் சலிச்சிருச்சு. ஒரே ஒரு ஆணி அடிப்பேன். அதுல நீ கையால தச்சதுதான் தொங்கணும்."

சொன்னதோடு நிற்காமல் கம்பெனி வேனில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டார்.

அதனால் பூவும் மயிலும் வேண்டாமென்று இந்தப் படத்தையே எடுத்துக்கொண்டேன். வெளுத்த காடாத் துணியில் கார்பன் தாள் வைத்து வரைந்தேன். துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி, தட்டினால் முரசு மாதிரிச் சத்தம் வரும்வரை திருகாணியை இறுக்கினேன். நூல் வாங்கப் போனபோது ஷீட்டையும் கையோடு கொண்டு போனேன். ஒவ்வொரு நூலையும் படத்தின் மேல் வைத்துப் பார்த்ததில் கடைக்கார பாய்க்கு ஒரு டீயே ஆறிப்போனது.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மதினி மத்தியானங்களில் வந்து என் பக்கத்தில் உட்காருவார். கதிர்மணிகளுக்கு நான் முடிச்சுத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு கூலிக்குக் கதிர் அறுத்தவர் அவர்.

"ஏ புள்ள, அறுக்க ஆளே காணோம், அம்புட்டும் கூடைக்கு வந்துருச்சே! எந்த ஊரு இது? அங்கன போயி இருந்திருக்கலாம் போல."

"அவுக வெயிலுக்கு ஒதுங்கிருப்பாக மதினி."

"பூசணிக்காய வாசல்ல கட்டுவாக. நீ சுவத்துல மாட்டுத. கண்ணேறு உள்ள வந்த பெறகு பிடிக்கவா?"

இருவரும் சிரித்ததில் ஊசி தவறி விரலில் குத்தியது.

படத்தில் ஒரு நுட்பம் இருந்தது. ஒவ்வொரு பூசணிக்கும் இடது ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கரை. வலது ஓரத்தில் அதே அகலத்துக்கு வெளிறிய மஞ்சள். இலைகளிலும் அப்படியே. வெயில் விழும் பக்கத்தை வரைந்தவர் இப்படிக் காட்டியிருக்கிறார் என்று வியந்து, ஒற்றை இழை நூலில் காம்புத் தையலாக இரண்டையும் விடாமல் போட்டேன். வேலையில் அதிக நேரம் பிடித்தது அதுதான்.

என் கணவர் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. அவருக்குக் காலண்டர் சீசன். கார்த்திகையில் புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள், நைட் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் டீயையும் வளையத்தையும் சேர்த்து நீட்டினேன். பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க?"

"ரிஜிஸ்டர் அவுட்டு."

நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அச்சடிப்பார்கள். சிவப்பு மயிரிழை நகர்ந்து விழுந்தால் ஒரு ஓரம் சிவப்பு பிதுங்கும், எதிர் ஓரம் வெளிறும். அதற்காகத்தான் அந்த ஷீட்டையே கழித்திருக்கிறார்கள். கழித்த தப்பை நான் உட்கார்ந்து நூலில் தைத்திருக்கிறேன்.

"எல்லாத்துலயும் ஒரே அளவு தள்ளியிருக்கு" என்றார் இன்னும் லென்ஸை எடுக்காமல். "மிஷின்கூட இம்புட்டு ஒழுங்கா தப்புப் பண்ணாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினில் அடித்தது வேண்டாம் என்றவருக்கு மிஷினின் தப்பையே கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பிரஸ்காரர்கள். வாசலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். மதினி எல்லாரிடமும் சொல்லி வைத்த சுவர் சிரிப்பாய்ச் சிரிக்கும். கத்தரிக்கோலை எடுத்து ஒரு இலையின் கரையைப் பிரித்தேன். துணியில் ஊசித்துளைகள் வரிசையாகப் பல்லைக் காட்டின. இலையும் சப்பென்று படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதே துளைகளில் திரும்பத் தைத்தேன்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சியதும் மதினியைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கன தப்பு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"பிரஸ்காரவுகளுக்குத் தெரியும் மதினி."

"வரட்டும், பாத்துக்கிடுவோம்" என்று ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனோடு வேலை பார்க்கும் மூத்த மிஷின்மேன் கேசரித் தட்டோடு வந்தவர், சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"என்ன தாயி, புது வீட்டுல போயி வேஸ்ட் ஷீட்ட மாட்டியிருக்கீக? என்கிட்டக் கேட்டிருந்தா நல்ல ஷீட்டா எடுத்துத் தந்திருப்பேன்ல?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார் மதினி. "அண்ணாச்சி, கிட்ட வாங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டார். சுட்டதுபோல் விரலை எடுத்தார். மறுபடி தொட்டு, சிவப்புக் கரையோரமாக மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"நூலா இது? ஏலே, அம்புட்டுப் பேரும் இங்கன வாங்கலே!"

வந்தார்கள். எட்ட நின்று தலையைச் சாய்ப்பதும், கிட்டப் போய்த் தொடுவதும், அடுத்தவரைக் கூப்பிடுவதுமாக முன்ரூம்பு நிறைந்துவிட்டது. மதியத்துக்குள் மதினிக்கும் அந்த வார்த்தை வாயில் படிந்துவிட்டது. வேனில் வரும் பெண்களை வாசலிலேயே மறித்து, "ரிஜிஸ்டர் அவுட்டாம்டி, கையாலயே பண்ணியிருக்கா! எந்த மிஷின்ல வரும்?" என்று இழுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பார்த்தால் நடுப் பூசணியில் கேசரி நெய் விரலளவு படிந்திருந்தது. கழற்றி அலசித் தருகிறேன் என்றேன். மதினி விடவில்லை.

வந்தவர்களில் பலர் புதுவருடக் காலண்டரை மொய்யோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த முறை போனபோது அவை எங்கே என்று கேட்டேன். மதினி அடுப்படி அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். பருப்பு டப்பாக்களுக்கு அடியில் வரிசையாக விரித்திருந்தார்.