பைக்குக்கு ஒரு சனிக்கிழமைக் குளியல்

"கைய நீட்டுங்க மச்சான்."

நீட்டினேன். என் தங்கை ஷீபாவின் கணவர் ஜெபின், உள்ளங்கையில் எதையோ தட்டினார். காப்பிப்பொடி நிறத்தில் கொஞ்சம் தூள். அதற்குள் ஒடிந்த குண்டூசி மாதிரி சில கம்பித் துண்டுகள்.

"இது என்ன மாப்ள?"

"பேரிங்."

பேரிங் என்றால் வட்டமாக, பளபளவென்று இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்? இதை ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது.

மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. பெரிய ஆலை ஒன்றில் பம்புகளையும் மோட்டார்களையும் பராமரிக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் தக்கலைக்கு வருவார். வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறாரோ இல்லையோ, காம்பவுண்டுக்குள் ஷெட்டில் நிற்கும் தன் பைக்கின் உறையைப் பிரித்துவிடுவார். காடுமேடு ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி அது. குதிரை உயரம். குளம் வற்றினால் குளத்துக்குள் ஓட்டுவார். மழை பெய்தால் கீரிப்பாறைப் பக்கம், ரப்பர் எஸ்டேட் பாதைகளில் ஓட்டுவார்.

"அதுல மனுஷன் ஏறுவானா?" என்று இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட ஷீபா, இந்த லீவில் தானாகவே கேட்டாள், "என்னையும் கூட்டிட்டுப் போறியளா?" மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே... கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கிளம்பினார்கள். குலசேகரம் தாண்டவில்லை. பின்பக்கம் கீச் கீச்சென்று கத்தல். ஒவ்வொரு குழிக்கும் ஷீபாவின் இடுப்பில் ஓர் அடி. "இது பைக்கா உரலா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி வந்துவிட்டாள்.

அதனால்தான் மறுநாள் காலை அந்த அறுவை சிகிச்சை. தென்னந்தடியை என்ஜினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நாகர்கோவிலில் இருந்து வரவழைத்திருந்தார். எனக்கு வண்டி பற்றித் தெரிந்ததெல்லாம், சாவி போட்டால் ஓடும், பெட்ரோல் போடாவிட்டால் நிற்கும். அவ்வளவுதான்.

சக்கரம் குழியில் ஏறி இறங்கும்போது அந்த அடியை ஷாக் அப்சார்பருக்குக் கொண்டுபோக, நடுவில் கைமூட்டு மாதிரி சில இணைப்புகள் உண்டாம். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஊசி ஊசியாகக் கம்பிகள் அடுக்கிய பேரிங். கிரீஸ் இருக்கும்வரை அவை வழுக்கிக்கொண்டு உருளும். கிரீஸ் போய்த் தண்ணீர் புகுந்தால்? என் உள்ளங்கையில் இருந்த தூள்தான்.

"தண்ணி எப்படிப் புகுந்துது? நீரு ஊர்லயே இல்லியே. வண்டி ஷெட்டுலதான கெடந்துது?"

மாப்பிள்ளை திரும்பினார். மூலையில் மஞ்சள் நிறத்தில் நின்ற, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷரைப் பார்த்தார். போன லீவில் அவரே வாங்கிவைத்துவிட்டுப் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது தெருவில் நடந்து பாருங்கள். எல்லா முற்றத்திலும் தண்ணீர்ச் சத்தம்தான். ஞாயிறு காலை சர்ச்சுக்கு மனிதன் மட்டும் சுத்தமாகப் போனால் போதுமா? வண்டியும் போக வேண்டும். என் ஸ்கூட்டர் குளித்து மாதக்கணக்கு ஆகும் என்பதால், சர்ச் வாசலில் ஷீபா தன் வண்டியை எனக்கு நாலு வண்டி தள்ளித்தான் நிறுத்துவாள். கூடப் பிறந்தவள்!

அவள் தன் ஸ்கூட்டரோடு நிறுத்தவில்லை. கணவர் ஊரில் இல்லாத எல்லாச் சனிக்கிழமையும், ஓடாமலே நிற்கும் அந்த பைக்கையும் வெளியே உருட்டி, பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவினாள். இடுக்கு, சந்து எதையும் விடவில்லை. துடைத்து நிறுத்தி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். வெளியே கண்ணாடி போல மின்னிய வண்டி, உள்ளே ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், ஷீபாட்ட சொல்லாண்டாம். பாவம், ஆசையா செய்திருக்கா. கேட்டா ஒடஞ்சி போவா."

"செரி. நா வாயத் திறக்க மாட்டேன்."

வாக்குக் கொடுத்த ஈரம் காய்வதற்குள் ஷீபா கட்டன் சாயாவோடு வந்தாள். தூளைப் பார்த்தாள்.

"அய்யோ, இது எப்படி இப்பிடி ஆச்சு?"

"உப்புக்காத்து," என்றார் மாப்பிள்ளை. "முட்டத்துல இருந்து அடிக்குதுல்லா..."

கடற்கரையில் இருக்கும் முட்டம் எங்கே, தக்கலை எங்கே? ஆனால் ஷீபா நம்பிவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தீர்மானமாகச் சொன்னாள்:

"அப்பம் வாரத்துக்கு ஒருக்கா கழுவினது பத்தாது. இனி புதன்கிழமயும் அடிக்கேன். இந்த இடுக்குக்குள்ளயே பைப்ப விட்டு நல்லா அடிச்சாதான் உப்பு போவும், இல்லியா?"

எனக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது.

நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்க்கு இப்படியொரு குணம் உண்டு. சொன்னவர் அதோடு மறந்துவிடலாம் என்று நினைப்பார். கேட்டவரோ அதை நம்பி வேலையில் இறங்கிவிடுவார். பிறகு யார் போய்த் தடுப்பது?

இனி என்ன செய்வது? சொன்னால் அவள் மனசு உடையும். சொல்லாவிட்டால் புது பேரிங்கும் துருப்பிடிக்கும். அடுத்த லீவிலும் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். நாகர்கோவிலில் பேரிங் வாங்கப் போகும்போது நான் சொன்னேன், "சொல்லிரும் மாப்ள." வாங்கிவிட்டு வரும்போதும் சொன்னேன். "சொல்லுகேன்... சொல்லுகேன்..." என்றார். முட்டத்தில் படகு வைத்திருக்கும் நண்பரிடம், கடல்தண்ணீருக்கே அசையாத நீல நிற கிரீஸ் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். அதாவது, பொண்டாட்டியிடம் பேசுவதற்குப் பதில் டப்பாவை நம்பினார்! ஆண்கள் பலரும் அந்த ஜாதிதான். நானும்தான்.

லீவு முடிய ஒரு வாரமே பாக்கி. மாட்டும் வேலை ஆரம்பித்தது. பழைய பேரிங்கின் வெளிக்கூட்டை இறுக்குப்பிடி வைஸில் வைத்து நெருக்கித் தள்ளினோம். மூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினோம். புதியதை அழுத்தி இறக்கினோம். இனி ஊசிகளுக்கு நடுவே கிரீஸ் வைக்க வேண்டும். என் விரல்கள் வாழைத்தண்டு. நுழையவில்லை.

"நவுருங்கண்ணா," என்று ஷீபா உட்கார்ந்துவிட்டாள். கிரீஸை விரலில் எடுத்தாள். ஊசிகளுக்கு இடையே பதமாக அழுத்தினாள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் கை அது, இதெல்லாம் சொல்லித்தரவா வேண்டும்?

முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சின்ன ரப்பர் வளையத்தைக் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"மூடி மாதிரி. தண்ணி உள்ள போவாம இருக்க..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. ஷீபாவின் விரல் அப்படியே நின்றது.

"நா அடிக்கிய தண்ணியா?"

அவள் திரும்பி மூலையில் இருந்த மஞ்சள் வாஷரைப் பார்த்தாள். நான் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று பார்த்தேன்.

"அப்பம் உப்புக்காத்துன்னு பறஞ்சது?"

"நீ சங்கடப்படாண்டாமேன்னு..."

"இருங்க." அவள் குரல் உயரவில்லை, ஆனால் கெட்டியாக வந்தது. "அங்க நீங்க செய்யிய வேலையே பேரிங்குக்கு கிரீஸ் வைக்கியதுதான? அந்த பைப்பால அடிச்சா உள்ள போவும்னு ஒங்களுக்கு அப்பமே தெரியும், இல்லியா? மொத போட்டோ பாத்தப்பமே?"

எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள். நான் தென்னை மரத்தை விட்டுவிட்டேன்.

"தெரியும்," என்றார் மாப்பிள்ளை.

"பின்ன ஏன் சொல்லல்ல? நா மண்டச்சி மாதிரி ஓரோ வாரமும் அடிச்சிட்டு இருந்தேன்!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில்தான்.

அவர் கையில் இருந்த போல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கனவே துடைத்த போல்ட்.

"சொன்னா நீ கழுவமாட்ட. கழுவலன்னா போட்டோ அனுப்பமாட்ட. மத்த நாளெல்லாம் நமக்குள்ள என்ன பேச்சு? கேஸ் தீந்து போச்சு, மோட்டார் ஓடல்ல, இதுதான? சனிக்கிழம ஷிப்ட் முடிஞ்சி ரூமுக்கு வந்தா, ஷூவக் கழத்தாம மொதல்ல அதத்தான் பாப்பேன்."

"அந்த போட்டோல பைக்குல்லா இருக்கு! நா எங்க இருக்கேன்?"

"இருக்கிய. சாயங்கால வெயிலுல்லா? ஒனக்க நெழலு வண்டிக்க முன்னாடி தரையில விழும். கைய தூக்கிப் போன பிடிச்சிட்டு நிப்பிய. சேல முந்திய இடுப்புல சொருவிட்டு..." நிறுத்திக்கொண்டார். "பேரிங்குக்கு என்ன ஷீபா? வேற வாங்கலாம்."

ஒரு நிழலைப் பார்ப்பதற்காக, தனக்கு உயிரான வண்டி துருப்பிடிக்கட்டும் என்று விட்ட மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இவரைப் போய், பைக்கைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று எத்தனை தடவை வீட்டில் கிண்டல் செய்திருக்கிறேன்!

ஷீபா கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் நீலமாக ஒரு கிரீஸ் கோடு. கையில் இருந்த ரப்பர் வளையத்தைத் தானே பதித்தாள்.

"கிரீஸ் கூடிப் போச்சா?"

"போவல்ல. வழியட்டும். வெளிய நிக்கியது மண்ண உள்ள விடாது."

மாட்டி முடித்துப் பின்பக்கத்தை அழுத்தினார். சத்தமே இல்லை. மெத்தென்று இறங்கி, மெத்தென்று ஏறியது. மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் கீரிப்பாறைக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பியபோது பைக் எந்த நிறம் என்றே தெரியவில்லை. ஷீபாவின் சுடிதாரும் அப்படித்தான். "இடுப்பு எப்படி ஏட்டி?" என்று கேட்டேன். "எந்த இடுப்பு?" என்றாள்.

லீவு முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். பிரஷர் வாஷர் இப்போது என் வீட்டில். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி என் ஸ்கூட்டரைப் பார்க்கிற பார்வைதான் சரியில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் தக்கலை போயிருந்தேன். முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. எஸ்டேட் செம்மண் காய்ந்து ஒட்டியபடியே பைக் வெளியே நின்றது. மேலே ஷீபா ஏறி உட்கார்ந்திருந்தாள், தரைக்குக் கால் எட்டாமல். கையில் நீல கிரீஸ் டப்பா. "அண்ணா, ஒரு போட்டோ எடுங்க," என்று தன் போனை நீட்டினாள். எடுத்தேன். அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, போட்டோ பாத்தீரா? இந்த வாரம் கழுவல்ல. பைக்கு முழுக்க மண்ணு."

அவர் கேட்டார்.

"எந்த பைக்கு மச்சான்?"