ஜாஹிராவின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் ஜாஹிரா முதல் பக்கத்துக்கு வருகிறார். கழுத்தில் அளவு டேப், தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்த துப்பறியும் நாவல். "யாரு செத்தா, யாரு பொழைச்சானு தெரிஞ்சிக்கினாதான் எனக்கு மூச்சே வரும். டென்ஷன் ஜாஸ்தி ஆனா தையல் கோணிக்கும்" என்பார்.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. சொன்ன தேதியில் ஜாக்கெட் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. போன் அடித்தால், "நல்ல சேதியா, கெட்ட சேதியா? அத மொதல்ல சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த கூட்டாளி பச்சையம்மாள். அடி அண்ணாமலையிலிருந்து வந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைப்பவர். அவருடைய மகன் வல்லரசு, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை. பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார் அந்த அம்மா.

ஜாஹிரா படித்த நாவல் ஒன்று படமாக வந்தது. ஹாஸ்டலிலிருந்து காணாமல் போன பையனைத் தேடும் கதை. "கடைசில பையன் வந்துடுவான்க்கா. நான் படிச்சிட்டேன், பயப்படாம வா" என்று வாக்குக் கொடுத்துப் பச்சையம்மாளை மதியக் காட்சிக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பு திரையில் ஹாஸ்டல் வாட்ச்மேன் செத்துப்போனார். வாய்க்குப் போன பாப்கார்ன் ஜாஹிராவின் கையிலேயே நின்றது. "புக்குல அந்த ஆளுதான் பையனைக் காப்பாத்துவாரு. மாத்திட்டானுங்க" என்று என் காதில் சொன்னார். விளக்கு எரிந்ததும் டிக்கெட் கிழிக்கும் கருப்பனிடம் ஓடினார்.

"அண்ணே, பையன் வந்துடுறானா?"

"நான் வாசலோட சரிம்மா. உள்ள போறதே இல்ல."

திரும்பி வந்து, தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று பச்சையம்மாளிடம் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. "இரு. பையன் வரட்டும், போலாம்."

ஜாஹிரா திரையைப் பார்க்கவே இல்லை; பச்சையம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பாழுங்கிணறு. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். பையனின் அம்மா ஓடி வந்தாள். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பச்சையம்மாள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

"அக்கா, ஏந்துரு."

"கவுறு மேல வருது, இரு..."

ஜாஹிரா அவர் கையைப் பிடித்து, அடுத்தவர் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, வெளியே இழுத்து வந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் கதவு மூடியது.

"இன்னா ஆச்சு அந்தப் புள்ளைக்கு?" பச்சையம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"வந்துட்டான்க்கா. சாயங்காலம் நேரா சமையக்கட்டுல வந்து நின்னு, சோறு இருக்காம்மானு கேக்கறான்."

"எளைச்சிருந்தானா?"

ஜாஹிரா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாவலில் அது இல்லை போலும்.

"கொஞ்சம். ஆனா நல்லாத்தான் இருந்தான்."

அந்த நேரத்தில் உள்ளே கூட்டம் மொத்தமாக ஏதோ சத்தம் போட்டது. அழுகையா, கைதட்டலா, தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று நான் கதவில் கை வைத்தேன். ஜாஹிரா என் கையைத் தட்டிவிட்டு, கதவில் தன் முதுகை அழுத்தி நின்றுகொண்டு, பையன் சாப்பிட்ட கதையை உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார்.